மூக்குக்குள் ஒரு வடிகால் பிரச்னை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சினியரிங் படித்தவனைக் கூப்பிட்டு மூக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களே என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்க, பரவாயில்லை. மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களையும் எண்டோஸ்கோப் கருவிகளையும் பராமரிப்பது என் தொழில். கருவியைச் சரி செய்து கொடுத்துவிட்டு வெளியே வந்தால் போதும். ஆனால் அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்காமல் வர மனசு வருவதில்லை. அப்படிக் கேட்டதும் படித்ததும்தான் இன்றைய பேச்சு. நான் டாக்டர் இல்லை. யாருக்கும் மருந்துச் சீட்டு எழுதப் போவதில்லை. உங்கள் மூக்கை உங்கள் டாக்டரிடமே காட்டுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு மட்டும் நான் உதவுகிறேன்.

சைனஸ் என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. "எனக்கு சைனஸ் இருக்குதுங்க" என்று சொல்கிறோம். எல்லோருக்கும் இருக்கிறது! முக எலும்புக்குள் உள்ள காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். கன்னத்தில் இரண்டு, நெற்றியில் இரண்டு, கண்களுக்கு நடுவே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், மண்டைக்கு நடுவில் ஆழமாக இரண்டு. கன்னத்து அறைதான் பெரியது. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 15 மில்லி கொள்ளளவு. அதற்கு மூக்குக்குள் திறக்கும் வாசல் சில மில்லிமீட்டர்தான். அந்த வாசலும் எங்கே இருக்கிறது தெரியுமா? அறையின் அடியில் இல்லை, மேலே இருக்கிறது.

கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு தொட்டியைக் காட்டி, வடிகால் குழாயை மேலே வைத்திருக்கிறேன் என்று சொன்னால் என்ன சொல்வான்? "அப்ப மோட்டார் போடுங்க" என்பான். இயற்கை அதைத்தான் செய்திருக்கிறது. அறையின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அசைந்து, மேலே படிந்த சளிப் படலத்தை ஈர்ப்பு விசைக்கு எதிராக வாசலை நோக்கித் தள்ளுகின்றன. நாள் முழுக்க, ராத்திரி முழுக்க, கரண்ட் கட் இல்லாமல் ஓடுகிற பம்ப் அது. அதைச் சோதிக்க ஒரு எளிய வழியும் உண்டு. மூக்கின் உள்ளே ஒரு சாக்கரின் துகளை வைத்துவிட்டு, தொண்டையில் எப்போது தித்திக்கிறது என்று கடிகாரம் பார்ப்பார்கள். நல்ல மூக்கில் 20 நிமிடத்துக்குள் தித்திக்கும். அரை மணிக்கு மேல் போனால் பம்ப்பில் கோளாறு என்று சந்தேகம். (இதை விடுதி அறையில் செய்து பார்க்காதீர்கள் தம்பிகளே.)

வாசல் வீங்கி அடைபட்டாலோ, நுண்மயிர் சோர்ந்தாலோ, சளி கெட்டியானாலோ உள்ளே தேக்கம். சாதாரண ஜலதோஷத்தில் இது எல்லோருக்கும் வருகிறது, தானாகவே போகிறது. 1994ல் அமெரிக்காவில் ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். 87 சதவீதம் பேருக்குக் கன்னத்து அறையில் மாற்றம் தெரிந்தது. ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமல், சில வாரங்களில் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. ஆக, சளி பிடித்த மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்து "சைனஸ் ஃபுல்லா இருக்கு" என்று பயந்துபோவது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

நாட்பட்டது என்று எதைச் சொல்கிறார்கள்? 12 வாரம். மூக்கடைப்பு, மூக்கிலிருந்தோ தொண்டைப் பக்கமாகவோ சளி ஒழுகுவது, முகத்தில் வலி அல்லது பாரம், மோப்பம் குறைவது – இந்த நாலில் குறைந்தது இரண்டு, 12 வாரமாக விடாமல் இருக்க வேண்டும். அதில் ஒன்று அடைப்பாகவோ ஒழுக்காகவோ இருக்க வேண்டும். அதோடு, எண்டோஸ்கோப்பிலோ சி.டி.யிலோ அழற்சியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நம் சித்த மருத்துவத்தில் பீனிசம் என்ற பெயரில் இதை அறிந்திருந்தார்கள். நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பற்றுப் போடுவது இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. நொச்சி இலை ஆவியும் அப்படித்தான். ஆறுதல் தருகிறது, தரட்டும். ஆனால் மூன்று மாதம் தாண்டிய பின்னும் ஆவியை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தலைவலி என்றாலே சைனஸ் என்கிறோம். 2004ல் வெளியான ஒரு ஆய்வில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களாகவோ டாக்டர் சொல்லியோ நம்பிக் கொண்டிருந்த ஏறக்குறைய மூவாயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை, அதாவது மைக்ரேன். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், நெற்றி கனக்கும், அதனால்தான் ஏமாற்றம். சளியோ அடைப்போ இல்லாமல் தலைவலி மட்டும் மாதா மாதம் வருகிறது என்றால், மூக்கில் ஆபரேஷன் செய்துகொள்ளும் முன் "இது மைக்ரேனாக இருக்குமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு ஆபரேஷனை மிச்சம் பிடிக்கலாம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். முன்பெல்லாம் முகத்தை ஒரு பிளேட்டில் சாய்த்து வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். எல்லா எலும்பும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, வெள்ளையா கருப்பா என்று மங்கலாகத் தெரியும். முக்கியமான அந்தச் சின்ன வாசல் அதில் தெரியவே தெரியாது. நாட்பட்ட சைனஸுக்கு இந்த எக்ஸ்ரேயை இப்போது நிபுணர்கள் சிபாரிசு செய்வதில்லை. ஆனாலும் சில ஊர்களில் இன்னும் எடுத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டு பேர் இதை மாற்றினார்கள். இரண்டு பேருமே டாக்டர்கள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒருவர் ஹரால்டு ஹாப்கின்ஸ், இங்கிலாந்தின் ஒளியியல் விஞ்ஞானி. அதுவரை உடலுக்குள் பார்க்கும் குழாயில் சிறு சிறு லென்சுகளை வரிசையாக வைத்து, இடையில் காற்றை விட்டிருந்தார்கள். அவர் அதைத் திருப்பிப் போட்டார். குழாய் முழுக்கக் கண்ணாடித் தண்டுகள், இடையில் சிறிதளவு காற்று. அந்தக் காற்றே லென்ஸ் வேலை செய்கிறது. வெளிச்சம் பல மடங்கு கூடியது, படம் தெளிவானது, குழாய் மெலிந்தது. 1959ல் வந்த யோசனை. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் அதை 1960களில் கருவியாகச் செய்தார். அந்தக் கருவிக்கு வெளிச்சம் கொண்டுபோகும் ஒளியிழைக் கேபிளின் கதையிலும் இதே ஹாப்கின்ஸ் வருகிறார். அவரோடு சேர்ந்து 1954ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் நம் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

இன்னொருவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அவருடைய சி.டி. இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 1979ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவரும் கார்மாக்கும் பகிர்ந்துகொண்டார்கள். முதலாமாண்டு எஞ்சினியரிங் டிராயிங்கில் செக்‌ஷனல் வியூ போடச் சொன்னால் நாமெல்லாம் எப்படிப் புலம்பினோம்! சி.டி. செய்வது அதேதான். முகத்தை முன்னிருந்து பின்னாகத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிறது. அந்தச் சின்ன வாசல், மூக்குத்தண்டு வளைந்திருக்கிறதா, கண்ணுக்கும் அறைக்கும் நடுவே உள்ள காகிதம் போன்ற தகடு – எல்லாம் தெரிகிறது. 1993ல் லண்ட், மக்காய் என்ற இருவர் இதற்கு மார்க் போடும் முறை வகுத்தார்கள், மொத்தம் 24. இந்த மார்க் கூடினால் கஷ்டம் கூடும் என்று கணக்குப் போட வேண்டாம். மூன்று மார்க் வாங்கியவர் துடிப்பார், பதினைந்து வாங்கியவர் சும்மா இருப்பார். கதிர்வீச்சு பற்றி எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். இன்றைய சைனஸ் சி.டி.யில் பொதுவாக 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நாம் வாங்குவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4.

கருவிகள் வந்ததும் ஆபரேஷனின் தத்துவமே மாறியது. 1890களிலிருந்து கால்டுவெல்–லுக் என்று ஒரு முறை. மேலுதட்டைத் தூக்கி, கன்ன எலும்பில் துளை போட்டு அறையைச் சுரண்டுவது. சளி வடிய அறையின் அடியில் ஒரு புது வாசலும் வெட்டுவார்கள். நம்மைப் போன்ற எஞ்சினியர் மூளைக்கு அது சரியாகத்தான் படும்: தொட்டிக்கு அடியில் ஓட்டை. ஆனால் நுண்மயிர்கள் அந்தப் புது ஓட்டையைக் கண்டுகொள்வதில்லை. சளியை அதன் பக்கமாகவே கொண்டுபோய், அதைத் தாண்டி, மேலே உள்ள பழைய வாசலுக்கே தள்ளுகின்றன! ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து டாக்டர் மெஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வழியாக வருஷக் கணக்கில் இதைப் பார்த்து 1978ல் புத்தகம் போட்டார். அப்படியானால் இயற்கை வாசலை மட்டும் திறந்துவிடுங்கள், மீதியை மூக்கே பார்த்துக் கொள்ளும் என்றார்கள். 1985ல் அமெரிக்காவின் டேவிட் கென்னடி இந்த முறைக்குச் செயல்வழி எண்டோஸ்கோப் சிகிச்சை என்ற பொருளில் 'ஃபெஸ்' என்று பெயர் வைத்தார். வெளியே தழும்பு கிடையாது.

பிறகு மூட்டு ஆபரேஷனில் சதை செதுக்கிய மோட்டார் கருவி 1990களில் மூக்குக்கும் வந்தது. இன்று கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்தில் வேலை செய்யும்போது, கருவியின் நுனி எங்கே இருக்கிறது என்று நோயாளியின் சி.டி. படத்தின் மேலேயே புள்ளி வைத்துக் காட்டும் வழிகாட்டி இயந்திரம் இருக்கிறது. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் துல்லியம். அமெரிக்காவில் 2005ல் அனுமதி பெற்ற பலூன் முறையும் உண்டு. இதய ரத்தக் குழாயில் செய்வது போல வாசலுக்குள் பலூனை ஊதி விரிப்பது. தேர்ந்தெடுத்த சிலருக்கு நல்லது. மூக்குக்குள் சதை வளர்ந்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது.

"ஆபரேஷன் செஞ்சாலும் திரும்ப வந்துடுமாமே?" இதை நம் ஊரில் கேட்காத வீடு இல்லை. சிலருக்கு வரும் என்பதுதான் நேர்மையான பதில். காரணம், இது பெரும்பாலும் அடைப்பு மட்டுமல்ல; உள்தோலின் அழற்சி. ஆபரேஷன் வாசலைத் திறக்கிறது, மருந்து உள்ளே போக வழி செய்கிறது. அழற்சியை அடக்குவது அதன் பிறகும் தொடர வேண்டிய வேலை. பைப்பை மாற்றிவிட்டு தண்ணீரில் உப்புப் படிவதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதேதான்.

அந்தத் தொடர் வேலை மலிவானது, அலுப்பானது. ஒன்று, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. இன்னொன்று, ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு. வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், நுனி வெளிப்பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் வரும், "எனக்கு ஒத்துக்கலைங்க" என்று நிறுத்திவிடுவார்கள். பலன் தெரிய வாரக் கணக்காகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் ஓட்ரிவின் மாதிரிச் சொட்டு மருந்து வேறு ஜாதி. நிமிஷத்தில் திறக்கும், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மூக்கு அதற்கே அடிமையாகி, அது இல்லாமல் அடைத்துக் கொள்ளும். சட்டைப் பையில் அந்தப் புட்டியோடு வருஷக் கணக்கில் அலைபவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம்!

கழுவும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குழாய்த் தண்ணீரையோ, ஆற்று நீரையோ, போர்வெல் நீரையோ அப்படியே மூக்கில் விடாதீர்கள். 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2024, 2025ல் அந்த வகை அமீபா நோய் என்ன பாடு படுத்தியது என்று பேப்பரில் படித்தோம். குடித்தால் ஒன்றும் செய்யாத கிருமி, மூக்கு வழியே போனால் உயிரை வாங்கும். கொதி வந்த பின் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். ஊட்டியில் இருப்பவர்கள் மூன்று நிமிடம்; அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. ஒரு டம்ளருக்கு, அதாவது கால் லிட்டருக்கு, அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. புட்டியைத் தினம் கழுவிக் காயவையுங்கள்.

சதை வளர்ச்சி உள்ளவர்களில் பலருக்கு இயோசினோபில் என்ற ரத்த அணுக்கள் மூக்கின் தோலில் கூடி நிற்கின்றன. 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் தெரியாத வீடு நம் பக்கம் கிடையாதே, அதே அணுதான். அவற்றைத் தூண்டும் செய்தியை இடையிலேயே தடுக்கும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. டூபிலுமாப் 2019ல், ஓமாலிசுமாப் 2020ல், மெபோலிசுமாப் 2021ல் மூக்குச் சதைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வருஷக் கணக்கில் வாசனையே தெரியாதவர்களுக்கு மோப்பம் திரும்பியிருக்கிறது. விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஊசியை நிறுத்தினால் சதை திரும்பவும் செய்யலாம். எனவே ஆபரேஷனும் ஸ்ப்ரேயும் பலிக்காதவர்களுக்குத்தான் இது. இதே கூட்டத்தில் இன்னொரு எச்சரிக்கை: மூக்கில் சதை, கூடவே ஆஸ்துமா இரண்டும் இருந்தால், சிலருக்கு ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரை மூச்சை நிறுத்தும் அளவுக்குத் திருப்பி அடிக்கும். பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இவர்களுக்கு ஆகவே ஆகாது.

ஒரு பக்கம் மட்டும் தொல்லை என்றால் கதை வேறு. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் முதலில் மேல் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். அந்தப் பல்லின் வேர் கன்னத்து அறையின் தரையைத் தொட்டுக் கொண்டிருக்கிறது. பல் சீழை விட்டுவிட்டு மூக்குக்கு எத்தனை கோர்ஸ் ஆன்டிபயாடிக் போட்டாலும் அடங்காது. ஒரு பக்கம் மட்டும் அடைப்போடு ரத்தமும் வந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். இதை மேட்டுப்பாளையத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது மர அறுவை மில்கள் உள்ள ஊர். 1960களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்தில் மர நாற்காலி செய்யும் தொழிலாளர்களுக்கு மூக்கறைப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாகக் கூடுதலாக வருவதை ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 1995ல் மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகைப் புற்றுக் காரணியாகச் சேர்த்தது. அரிதான நோய்தான், பல வருஷத் தூசுக்குப் பின் வருவது. ஆனால் ரம்பத்தடியில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்குத் துண்டு போதாது. தூசு உறிஞ்சும் குழாயை ரம்பத்தோடு சேர்த்து அமைக்க வேண்டும், அதோடு என்-95 முகமூடி. இங்கே மெக்கானிக்கல் படிக்கும் தம்பிகள் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? சின்ன அறுவை மில்லுக்குக் கட்டுபடியாகும் விலையில் ஒரு தூசு உறிஞ்சி செய்து காட்டுங்கள். நான் உதவுகிறேன்.

பூஞ்சை பற்றிப் பேசாமல் போனால் விடமாட்டீர்கள். 2021ல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறக்கவில்லை. அந்த ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கே 45 ஆயிரத்துக்கு மேல். மே மாதமே தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அது வாரக் கணக்கில் அல்ல, நாள் கணக்கில் சைனஸிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பாய்வது. கட்டுப்படாத சர்க்கரையும் அதிக ஸ்டீராய்டும்தான் அதற்கு வழிவிட்டன. நாட்பட்ட சைனஸில் காணும் பூஞ்சை பெரும்பாலும் வேறு. நம் நாட்டில் அதிகம் அஸ்பர்ஜில்லஸ் வகை. ஒவ்வாமையால் கெட்டியான, பிசின் போன்ற சளியாகத் தேங்கும். எண்டோஸ்கோப்பில் சுத்தம் செய்து, பிறகு ஸ்டீராய்டு கொடுப்பதே அதற்கு வழி. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும், முகம் மரத்துப் போனாலோ, கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். சீட்டில் வந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "ஊட்டிக்குப் போகும்போது ஒன்றும் இல்லை, இறங்கி பர்லியாறு தாண்டினதும் நெற்றி பிளக்குதே, ஏனுங்க?" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். மேலே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது அறைக்குள் இருக்கும் காற்று விரிந்து வாசலைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். வீங்கின வாசல் வால்வு மாதிரி மூடிக் கொள்ளும். உள்ளே பாதி வெற்றிடம், தோலை இழுக்கும், அதுதான் வலி. சளி பிடித்திருக்கும்போது மலைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், அண்ணா. போயே ஆக வேண்டும் என்றால் டாக்டரைக் கேட்டு, இறங்குவதற்கு அரை மணி முன் அந்தச் சொட்டு மருந்தைப் போட்டுக் கொள்ளலாம். அதற்கு அது நல்ல மருந்து. இல்லையென்றால் மலை ரயிலில் வாருங்கள். அது மெதுவாகத்தான் இறங்கும். வாசலுக்கும் அவகாசம் கிடைக்கும்.